தோற்றால்தான் சனம் வருமாம்

இன்று எங்கள் நகரின் குறொன்லாண்ட் பகுதியில் இருக்கும் தமிழ்க்கடையில் வாழைக்காய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சென்னைக்காரர். அமெரிக்காவில் தான் படித்த கல்லூரியின் ஃபுட்பால் போட்டியைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கார அண்ணை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உதைபந்தெண்டு சொல்லிப்போட்டு ஏன் எல்லாரும் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள்?"

"அமெரிக்காவுல இதுதாங்க ஃபுட்பால். எங்க டீம் இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. ஆனாலும் பாருங்க, ஸ்டேடியத்துல உட்கார இடமில்ல."

அண்ணை என் பக்கம் திரும்பினார். நான் இங்கே பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் விளையாடுவது அவருக்குத் தெரியும். எங்கள் விளையாட்டில் பந்தை உதைப்போம்.

"பிள்ளை, உங்கட டீம் எப்பிடி?"

"இந்த முறை ஒண்டும் தோக்கேல்லை அண்ணை."

"அப்ப நல்ல சனம் வரும், என்ன?"

"ஓம், போன கிழமை நாலு பேர். அதிலை ஒராள் நாயோடை உலாத்த வந்தவர்."

அண்ணை வாழைக்காயைப் பையில் போட்டபடி கொஞ்சம் யோசித்தார்.

"ஒருக்கால் தோத்துப் பாருங்கோவன்."

ஞாயிறு இரண்டு மணிக்கு எங்கள் சொந்த மைதானத்தில் அடுத்த போட்டி. நான்தான் கோல்கீப்பர். எத்தனை கோல் விட்டால் வருவீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.