எங்கள் வீட்டு ஜெனரலின் வாள்

பூந்தொட்டி வாங்கிவரச் சொல்லி, ஸ்ரௌவ்வில்லில் வீட்டுப் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலுக்கு நான் அனுப்பிய என் கணவர், ஒரு ஜப்பானிய வாளோடு வந்து இறங்கினார். உலக யுத்தத்தில் யாரோ ஜெனரல் வைத்திருந்ததாக இருக்கலாம் என்று விற்றவர் சொன்னாராம். கார் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த "இருக்கலாம்" காணாமல் போய்விட்டது. எங்கள் கலியாணப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வாளை மாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த சொந்தக்காரர் எல்லோரும் தேத்தண்ணி ஆறும்வரை ஜெனரலின் வீரத்தைக் கேட்டார்கள். என் அண்ணா மட்டும் ஜெனரலுக்குப் பெயர் இல்லையா என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு என் மனுசனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

கடைசியில் விட்பியில் பழைய வாள்களைப் பார்த்துச் சொல்லும் ஒரு ஜப்பானியப் பெரியவரைக் கண்டுபிடித்தார். எங்களோடு இருக்கும் என் மாமியையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

அதிகாரிகளின் வாள் என்றால் கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கலாம், உள்ளே இரும்பில் கொல்லனின் பெயர் வெட்டியிருக்கும் என்றார் பெரியவர். இதன் கைப்பிடியோ வார்த்த உலோகம், நூல் சுற்றியதுபோலப் பெயின்ற் அடித்தது. அலகில் இருந்தது வெறும் இலக்கம். தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து சார்ஜன்ட்மாருக்குக் கொடுத்த வாள். என் கணவரின் முகம் செத்துப்போனது. இவ்வளவு நாளும் எரிச்சல்பட்ட எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு பெரியவர் பூதக்கண்ணாடியை அலகின் அடியில் பிடித்தார். அங்கே கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இரத்தமாக இருக்கலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெனரல் போனாலும் சண்டையாவது மிஞ்சியதே.

நான் மாமிக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"உது ரத்தமில்லைத் தம்பி," என்றார் மாமி மகனிடம். "போன கிழமை நீ வேலைக்குப் போனாப் பிறகு நான் உதாலதான் பலாப்பழம் வெட்டினனான். வீட்டுக் கத்திக்கு அது மசியேல்லை. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சும் உந்த மூலையில பால் போகேல்லை."

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, நன்றாக வெட்டியதா என்று உண்மையான அக்கறையோடு மாமியைப் பார்த்துக் கேட்டார்.

மாமி வாய் திறக்குமுன் என் கணவர் ஒரு விரலை உயர்த்தினார்.

"ஒரே வெட்டு," என்றார்.