கிளிஞ்சல்மேட்டுப் படம் ஒன்றைப் பார்க்கப் புதுச்சேரிக்கு

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி வண்டி கிளம்பியது. ஓவியக் கண்காட்சிகளைப் பார்க்க இதே வண்டியில் பலமுறை போயிருக்கிறேன். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. விடுமுறை நாட்களில் நீர்வண்ணம் வரைபவள். ஓவியமோ, புகைப்படமோ, மரச்சாமான் வடிவமைப்போ, நகரத்தில் எது காட்சிக்கு வந்தாலும் தனியாகவே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். இந்த முறை பக்கத்து இருக்கையில் அஞ்சம்மாள் இருந்தார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். அன்றைக்கு வியாபாரத்துக்கு லீவு விட்டிருந்தார்.

அவரைக் கூட்டிப்போனதற்குக் காரணம் முந்தைய சனிக்கிழமை நடந்தது. கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பிரெஞ்சு வீட்டைக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு முதிய புகைப்படக்காரர் சோழமண்டலக் கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை மாட்டியிருந்தார். இரண்டாவது அறையில் ஒரு படம். கவிழ்த்துப் போட்ட படகின்மேல் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கீழே இருந்த சீட்டில் கிளிஞ்சல்மேடு என்ற பெயரும் ஆண்டும். சுனாமிக்கு முந்தைய ஆண்டு.

அஞ்சம்மாளின் மகள் சுகந்தி அந்த அலையில் போனவள். ஏழு வயது. வீடும் போனது. வீட்டோடு பிள்ளையின் படங்களும் போயின. பல வருடங்களுக்கு முன், "நான் சொல்லச் சொல்லப் போட்டுத் தர்றீங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டு, நான் மூன்று முறை வரைந்து பார்த்தேன். சுருட்டை முடி, அகன்ற நெற்றி, தலையோடு ஒட்டிய சின்னக் காது. மூன்று படத்தையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

காட்சிக்கூடத்துச் சிறுமிக்கும் அதே சுருட்டை முடி, அதே நெற்றி, அதே காது. சுகந்தியேதான் என்று தோன்றியது. ஆனால் சுகந்தியை நான் பார்த்ததே இல்லை. அவள் இல்லையென்றால், ஆறிக்கிடக்கும் புண்ணை நானே கிளறியதாகும். சொல்லாமல் விட்டால், இருக்கும் ஒரே படத்தை மறைத்ததாகும். நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் கூடையை இறக்கியதும் சொல்லிவிட்டேன். "அவளாத்தான் இருக்கும்னு இல்லக்கா. வேற புள்ளையாவும் இருக்கலாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, "எப்ப போவலாம்?" என்று மட்டும் கேட்டார்.

தரங்கம்பாடி தாண்டும்போது விடிந்தது. சிதம்பரத்தில் டீ குடிக்க இறங்கினோம்.

"அங்க உள்ள விடுவாங்களா டீச்சர்?"

"யார் வேணும்னாலும் போவலாம்க்கா. டிக்கெட்டுகூட கெடையாது."

"மீன் வாடை அடிக்குதான்னு பாருங்க."

சோப்பு வாசனைதான் அடித்தது. அதைச் சொன்னேன். பாதிக் கிளாஸ் டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஒன்பதரைக்குப் புதுச்சேரி. காரைக்காலிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். காட்சிக்கூடம் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆட்டோவில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். கரை நெடுகக் கொட்டியிருந்த கருங்கல்லை அஞ்சம்மாள் உற்றுப் பார்த்தார். "இங்க படகை எங்க ஏத்துவாங்க?" என்றார். நான் எத்தனையோ முறை அங்கே உட்கார்ந்து கடலை வரைந்திருக்கிறேன். அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

பத்து மணிக்கு உள்ளே போனோம். வாசலில் செருப்பை விடப்போனவரிடம், "வேண்டாம்மா, போட்டுக்கிட்டே வாங்க" என்றார் புகைப்படக்காரர். அப்போதும் வெளியிலேயே விட்டார். இரண்டாவது அறைக்கு அழைத்துப்போய் அந்தப் படத்தின் எதிரே நிறுத்தினேன். வந்திருந்த மற்றவர்கள் நான்கடி தள்ளி நின்று பார்த்தார்கள். அஞ்சம்மாள் மூச்சு கண்ணாடியில் படுமளவுக்கு நெருங்கிப் போனார்.

பிறகு ஓரடி பின்னால் வந்தார்.

"சுகந்தி இல்ல."

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"இது மாலா. வேம்பு மவ. பக்கத்து வூடு. ரெண்டும் ஒண்ணாத்தான் திரியும். ஒண்ணாத்தான் போச்சு."

புகைப்படக்காரர் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அஞ்சம்மாள் அவர் பக்கம் திரும்பி, படத்தின் இடது ஓரத்தில் விரல் வைத்தார்.

"ஐயா, இதுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

அவர் மாடிக்குப் போய், கிளிஞ்சல்மேட்டில் அன்றைக்கு எடுத்த ஃபிலிம்களை ஒரு பெட்டியோடு எடுத்துவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து மூவருமாகப் பார்த்தோம். வலைகள், ஏலம் போடுகிறவர், காக்கைகள். மாலாவின் படத்துக்கு முன்னால் ஒரு நாய். பின்னால் வெறும் படகுகள். பெட்டி காலியாகும்வரை பார்த்தோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"இல்லம்மா" என்றார் அவர். அவருடைய கண் கலங்கியிருந்தது. "நான் கொஞ்சம் திரும்பி நின்னிருக்கலாம்."

"உங்களுக்கு என்ன தெரியும்" என்றார் அஞ்சம்மாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, நான் சற்றும் எதிர்பாராததைக் கேட்டார்.

"ஐயா, வேம்புகிட்டயும் ஒரு படம் கெடையாது. இதுல ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

அவர் ஆணியிலிருந்து அந்தப் படத்தையே கழற்றினார். காட்சி முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. "இங்க இதைப் பார்க்க வர்றவங்களுக்கு இந்தப் பிள்ளையத் தெரியாதும்மா" என்று செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார். திரும்பும் வழி முழுக்க அஞ்சம்மாள் அதை மடியிலேயே வைத்திருந்தார். மேலே வைக்கச் சொன்ன நடத்துநரிடம், "இது புள்ளைங்க" என்றார். நடத்துநர் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். கடலூர் தாண்டியதும்தான் அஞ்சம்மாள் அழுதார். சத்தமில்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இருவரும் அஞ்சம்மாளும் வசிக்கும் சுனாமிக் குடியிருப்பில் வேம்புவின் வீட்டுக்குப் போனோம். வேம்பு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அஞ்சம்மாள் சணலை அவிழ்த்துப் படத்தைக் காட்டினார். வேம்பு ஈரக்கையோடு வாங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறுமியின் உதட்டருகே விரலைக் கொண்டுபோனார்.

"பல்லு விழுந்திருக்கு பாரு அஞ்சம்மா. நாந்தான் சாணியில வச்சுக் கூரையில எறிஞ்சேன். எப்புடி மறந்தேன்?"

அந்தப் படத்தின் முன் நான் இரண்டு முறை நின்றிருக்கிறேன். ஒளியைப் பார்த்தேன், மணலின் சாம்பல் நிறத்தைப் பார்த்தேன், காதைக்கூடப் பார்த்தேன். பல் விழுந்த இடம் என் கண்ணில் படவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். படம் கைமாறிக்கொண்டே போனது. ஒருத்தி சேலையால் கண்ணாடியைத் துடைத்தாள். "இது எங்க மாமனார் படகு" என்றாள் இன்னொருத்தி. நகரத்துக் காட்சிக்கூடங்களில் எந்தப் படத்தையும் யாரும் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

கிளம்பியபோது அஞ்சம்மாள் சாலைவரை உடன் வந்தார். "உங்களைக் கூட்டிப்போனது தப்பாப்போச்சுக்கா" என்றேன்.

"தப்பா இருந்தா வேம்புக்கு எப்புடிக் கெடைச்சிருக்கும்?" என்றார். "எனக்குப் படம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. இவ்ளோ நாளா அதுவும் தெரியாமத்தான இருந்தேன்."

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் தன் வீட்டைத் தாண்டி, வேம்பு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.