அக்காவின் ஒரு துண்டு

சாக்லேட் என்றாலே அக்காவுக்குக் குமட்டும். சாக்லேட் ஆலையில் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். உருகிய சாக்லேட் கொதகொதவென்று சுழலும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நின்றே பாதி ஆயுசு போயிற்று. எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் வாடை முடியை விடாது. நகக்கண்ணில் பழுப்பு, தலையணையிலும் பழுப்பு. பஸ்ஸில் பிள்ளைகள் மோப்பம் பிடித்து, "ஆன்ட்டி, சாக்லேட் வச்சிருக்கீங்களா?" என்று கேட்கும்போது, ச்சீ, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றிருக்கும்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு சூப்பர்வைசரே அள்ளி அள்ளிக் கொடுப்பார். "ஆசை தீரத் தின்னுங்கம்மா!" தாராள மனசு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள், அத்தனையும் தந்திரம். வாரக் கடைசியில் கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தவள், அப்புறம் ஜென்மத்துக்கும் ஒரு துண்டைத் திருடுவாளா? அக்காவும் அந்தச் சுவரைப் பிடித்தவள்தான்.

அவள் புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ரத்தக் கொதிப்பு உண்டு. ஆண்டுதோறும் டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டியரிங்கைத் தொட முடியும். அந்த மனுஷன் ஒருநாள் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"கறுப்பு சாக்லேட் இதயத்துக்கு நல்லதாம். ரத்தக் குழாயெல்லாம் இளகுதாம்!"

"அளவா சாப்பிடணும்னும் சொல்லியிருப்பானே?"

"சொன்னான், சொன்னான்."

அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார். கறுப்பு கசக்கிறதென்று இரண்டே நாளில் பால் சாக்லேட்டுக்குத் தாவினார். சட்டைப் பையில் உருகியது, மீசையில் ஒட்டியது. விரலைச் சப்பிவிட்டு அதே விரலால் டிவி ரிமோட்டை அமுக்குவார். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசும். கெஞ்சினாள், திட்டினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சரி, ஆலை வைத்தியமே வழி என்று முடிவு கட்டினாள். உடைந்த சாக்லேட்டை ஊழியர்களுக்கு மூட்டையாகவே கொடுப்பார்கள். ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் தொப்பென்று வைத்தாள். "தின்னுங்க. ஆசை தீரத் தின்னுங்க." பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்தாள்.

வாளி காய்ந்தே கிடந்தது. நாள் முழுக்கத் தொட்டி வாடையில் வெந்தவளுக்குத்தான் புரட்டும். டீசல் புகையில் கிடந்தவருக்கு அது அமுதம் அல்லவா? வாரம் முடிவதற்குள் மூட்டையின் அடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இன்னும் இருக்கா?"

மறுநாள் ஓட்டும்போதே அவருக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, ஓரங்கட்டிவிட்டார். கண்டக்டர்தான் கைத்தாங்கலாக, வருஷா வருஷம் கையெழுத்துப் போடும் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சேதி கேட்டு அக்காவும் ஓடினாள். சர்க்கரை எகிறியிருந்தது, கொதிப்பும் ஏறியிருந்தது.

"இப்படியே போனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பஸ்ஸை மறந்துட வேண்டியதுதான்," என்றார் டாக்டரம்மா. "இவ்வளவையும் யாரு வாங்கிக் குடுத்தது?"

"நான்தாங்க," என்றாள் அக்கா. தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

"முதல்ல சர்க்கரை இறங்கட்டும். அப்புறம் ஆசைப்பட்டா, கொக்கோ நிறைய, சர்க்கரை கம்மியா இருக்கிற கறுப்பு சாக்லேட்ல சின்னதா ஒரு துண்டு. கொஞ்சம் நல்லது பண்ணலாம். ஆனா அது மருந்தில்ல, மாத்திரையை விடக் கூடாது."

சர்க்கரை இறங்கிய பிறகு, கறுப்பு சாக்லேட் டப்பாவை மேஜைமேல் வைத்துக்கொண்டு புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தனியா தின்னா ரெண்டாவதுக்குக் கை போயிடுது. நீயும் எதிர்ல உக்காந்து ஒண்ணு தின்னேன்."

"நானா? எதுக்குங்க?"

"உன் மூஞ்சி போற போக்கைப் பாத்தா எனக்கு ரெண்டாவது இறங்காது."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். கண் கலங்கியது, உதடு கோணியது, குமட்டல் தொண்டைவரை வந்து திரும்பியது. அவர் பார்த்தார். டப்பாவை மூடித் தள்ளிவைத்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இதே கூத்து. இந்த வருஷச் சோதனையில் டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். புருஷன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தார்.

"இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?"

"உடம்பு தாங்குற வரைக்கும்."

"நல்லா ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.