கேட்காமல் வெட்டிய கூந்தல்

சர்ச் சபையில் அவளை எல்லோரும் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாகப் பெண்களுக்கு முடி வெட்டுகிறாள். இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, வாசலில் திரைச்சீலை, அவ்வளவுதான் கடை. ஆனாலும் வந்தவர்கள் வேறு கடைக்குப் போனதில்லை. நுனியை மட்டும் கத்தரிப்பதானாலும், "இதுவரைக்கும் போதுமா? ஒரு விரல் ஏத்தவா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான் கத்தரியைத் திறப்பாள்.

வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை சபையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் ரயில் பாதையோரக் குடிசைகளுக்குப் போய் வேலை செய்துவிட்டு வருவது வழக்கம். சிலர் மருந்து கொடுப்பார்கள், சிலர் சாக்கடை அள்ளுவார்கள், சிலர் சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டுவார்கள். அந்த வருடம் பாஸ்டரம்மா அவளிடம் வந்து, "நீங்க கத்தரியோட வாங்க. பிள்ளைங்க தலையைப் பார்க்க முடியல" என்றார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் நாற்பது தலை முடிந்துவிட்டது. தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது. அப்போது வந்து உட்கார்ந்த சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவிழ்த்துப் பார்த்தால் பேனும் ஈரும்.

"அம்மா எங்க?"

"ஆபீஸ் பெருக்கப் போயிருக்காங்க. நாலு மணிக்கு வருவாங்க."

பின்னாலிருந்து பாஸ்டரம்மா, "இன்னும் பத்துப் பேர் நிக்குறாங்க. ஒட்ட வெட்டிடுங்க, அவளுக்கும் நல்லதுதானே" என்றார்.

"அம்மா வரட்டும், கேட்டுட்டு..." என்று சிறுமி ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் கத்தரி பின்னந்தலையில் ஓடியது. "வளர்ந்துடும் கண்ணு" என்றாள் பார்லர் அக்கா. சிறுமி அழவில்லை. அவிழ்த்த ரிப்பனை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாரோ போட்டோ எடுக்க வந்தபோதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாக்காரி நாலு மணிக்குச் சீருடையோடு வந்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள்.

"மூணு வாரமா தினமும் வேலை முடிஞ்சு வந்து வாரிட்டிருந்தேன். பேன் பாதிக்கு மேல போயிடுச்சு."

"சுத்தமா இருக்கட்டும்னுதான்..."

"உங்க கடைக்கு வர்றவங்க பிள்ளையா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பீங்களா?"

அந்த அம்மா குந்தி உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளின் முடியிலிருந்து தன் மகளின் நீளமுடியைப் பிரித்தெடுத்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எல்லோரும் பாடினார்கள். அவள் கத்தரியில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மறுநாள் ஆராதனையில் பாஸ்டர், "ஒரே நாளில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள்" என்று சொல்லிக் கைதட்ட வைத்தபோது, தலையைத் தூக்க முடியாமல் பைபிளின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இலவசமாத்தானே செஞ்சே? இதுக்குப் போய் இப்படி உருகுறியே" என்றார் கணவர்.

"இலவசம்கிறதாலதாங்க நான் கேக்கவே இல்ல" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பேன்சீப்பும் மருந்தும் வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். நாலைந்து வீட்டில் விசாரித்துத்தான் அந்தச் சிறுமியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அம்மாக்காரிதான் கதவைத் திறந்தாள்.

"தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தலை அவளோடது."

உள்ளே சிறுமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பார்லர் அக்கா வாசலிலேயே குனிந்து, "நான் உன் பேச்சைக் கேட்டிருக்கணும் கண்ணு. இப்போ பேன் வாரி விடட்டுமா?" என்றாள்.

சிறுமி யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "வேண்டாம். நீங்க தொட வேண்டாம்."

அம்மாக்காரி கையை நீட்டினாள். "மருந்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க. சீப்பு எங்ககிட்ட இருக்கு" என்றாள்.

அடுத்த வருடமும் பாஸ்டரம்மா கூப்பிட்டார். "வீட்டு ஆள் கூட வந்தாத்தான் வெட்டுவேன். பிள்ளை வேண்டாம்னா விட்டுடுவேன். சரின்னா வர்றேன்" என்றாள். பாஸ்டரம்மா முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். அன்றைக்குப் பதினான்கு பேர்தான் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எதுவரைக்கும் என்று கேட்டுக் கேட்டு வெட்டியதில் பொழுது சாய்ந்தது.

சாமான்களைக் கட்டும்போது அந்தச் சிறுமி குடத்தோடு தொட்டிக்கு வந்து தண்ணீர் பிடித்தாள். முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. சின்னதாக ஒரு குடுமி போட்டிருந்தாள். பார்லர் அக்கா அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். சிறுமி ஒரு கையால் அந்தக் குடுமியை மூடிக்கொண்டு, தளும்பும் குடத்தை இன்னொரு கையால் இடுப்பில் அணைத்தபடி, தொட்டியின் மறுபக்கமாகச் சுற்றிப் போனாள்.