ஆறாம் மாதப் பயிற்சி

நேற்று என் மகன் இரும்புத் தண்டும் வட்டக் கட்டிகளும் வாங்கி வந்து கூடத்தில் பரப்பினான். கொஞ்ச எடையைப் பலமுறை தூக்குவதா, அதிக எடையைச் சிலமுறை தூக்குவதா என்று சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து யோசனை. நான் ஒரு கட்டியை நகர்த்திக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் வீரம். சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் துருவாடை போகவில்லை. அந்த வாடை இருக்கிறதே, அது என்னை நேராக வெல்ட் கீ துறைமுகத்து அரிசிக் கிடங்குக்கு இழுத்துப் போய்விட்டது.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருடம் முந்திய கதை. மூட்டை எண்ணிக் குறிக்கும் தற்காலிகக் கிராணி நான். வேலை நிரந்தரமாக டாக்டர் கையெழுத்து வேண்டும். மார்பை அளப்பார்களாம், முப்பத்திரண்டு அங்குலம் இல்லாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். யார் சொன்னது? தெரியாது. பயப்படுகிறவனுக்குச் சொன்னவன் பெயர் எதற்கு? என் மார்பு இருபத்தொன்பது, அதுவும் சட்டையோடு.

சூலியா ஸ்திரீட் மாடியில் என் அறைத்தோழன் அந்தோணி, சீமையிலிருந்து தபாலில் ஒரு பயிற்சிப் படம் வரவழைத்திருந்தான். புலித்தோல் கட்டிய மீசைக்காரர். அவர் காலடியில் மூன்று வரிசை: முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம்.

"ஒனக்கு மொத வரிசை லா," என்றான் அந்தோணி. "அது நெஞ்சா, கோழிக்கூண்டா?"

டாக்டர் வர இரண்டே வாரம். நான் போட்ட கணக்கு இது: ஆறாம் மாதப் பயிற்சி செய்தால் ஆறாம் மாத மார்பு வரும். மூட்டை எண்ணுகிறவன் மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

அந்த வரிசைக்கு வேண்டிய கனத்த இரும்புக்கு மாரிமுத்து அண்ணனிடம் போனேன். கிடங்கில் தராசு அவர் கையில். சனிக்கிழமை மத்தியானம் மூடினால் திங்கள்தான் திறப்பார்கள். அதுவரை எடைக்கல் இரவல் கேட்டேன். ஏழு ராத்தல் கல்லை எடுத்து நீட்டினார்.

"இருபத்தெட்டு வேணும்ணே."

"தம்பி, மூட்ட தூக்குறவனே மொத நாளு அர மூட்டதான் தூக்குவான். சின்னதுல ஆரம்பிங்க."

"டாக்டர் வர்றாருண்ணே."

ஒரு ஜோடி இருபத்தெட்டைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "திங்கக்கெழம மணியடிக்கறதுக்குள்ள வந்துடணும். கல்லு என் பொறுப்பு."

ஞாயிறு முழுக்க ஆறாம் மாதம் செய்தேன். திங்கள் காலை கை மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை அந்தோணிதான் போட்டுவிட்டான். கல்லை மாடியிலிருந்து இறக்கவும் அவனைக் கேட்டிருக்கலாம். சிரிப்பான் என்று கேட்கவில்லை. நாளைக்குக் கொண்டுபோனால் போயிற்று என்று வெறுங்கையோடு போனேன்.

அன்று பார்த்தா கிடங்குத் துரை எடைக்கற்களைச் சரிபார்க்க வேண்டும்? இரண்டு குறைந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாயா என்று மாரிமுத்து அண்ணனைக் கேட்டார். அண்ணன் துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வந்துரும் தொர," என்று மட்டும் சொன்னார்.

'கல்லு என் ரூம்ல இருக்கு.' நான் சொல்ல வேண்டியிருந்தது நான்கே சொல். உடம்பில் வலிக்காமல் இருந்ததும் வாய் ஒன்றுதான். அதைத் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

இரவு அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய் விடியலில் அவன்தான் கல்லைச் சுமந்து வந்தான். மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தோம். சிரித்திருக்கலாம் அவன். சிரிக்கவில்லை. கல்லைக் கண்டெடுத்த துரை, "பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் திருடன்," என்றார். அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரமே மாரிமுத்து அண்ணனைப் படகுத்துறையில் பார்த்தேன். கெப்பாலா பத்தாஸ் பக்கம் வேலை தேடிப் போகிறவர், சுருட்டிய பாயோடு அக்கரைப் படகுக்கு நின்றார். நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"கை வலி தேவலையா தம்பி?"

தலையாட்டினேன்.

"மொத வாரம் அப்பிடித்தான் வலிக்கும். விட்டுறாதீங்க."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

டாக்டர் வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அளவு நாடா அந்த அறையிலேயே இல்லை.

இப்போது என் மார்பு நாற்பது. வயிறு அதையும் முந்திக்கொண்டது. கிடங்கு குண்டில் போயிற்று, தராசும் கற்களும் அதோடு போயின. சண்டை முடிந்ததும் கெப்பாலா பத்தாஸ் போய் விசாரித்தேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. அந்தோணியும் இப்போது இல்லை. அண்ணன் திருடவில்லை என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம்.

"எதுலப்பா ஆரம்பிக்கலாம்?" என்றான் மகன்.

"சின்னதுல."

"யாருப்பா சொன்னா?"

"ஒரு டாக்டர்," என்றேன்.