மடிக்கணினியோடு ஓடிய டீச்சர்

உருகுவாயின் வடக்கே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில் ஸுல்மா டீச்சருக்கு மிஞ்சிய ஒரே மாணவன் நவேல். விளையாட ஆளில்லாமல் அவன் வாடுவதைப் பார்த்த அவன் அம்மா, நகரத்துப் பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னாள். அவன் போனால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

தொலைவில் இன்னொரு கிராமப் பள்ளியில், அவனைப் போலவே தனியாகப் படித்த இயாரா என்ற சிறுமியை டீச்சர் மடிக்கணினியில் அழைத்தார். திரையில் அவள் கண்ணைப் பொத்தி எண்ணுவாள், நவேல் ஒளிவான். டீச்சர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றமெல்லாம் தேடி ஓடுவார்.

"டீச்சர், ஆமை மாதிரி நடக்காதீங்க! அந்த மரத்துக்குப் பின்னாடி காட்டுங்க!"

"கத்தாதடி, அவனுக்குக் கேட்டுடும்!"

நவேல் சிரிக்கத் தொடங்கினான். அவன் அம்மாவுக்கு அது போதவில்லை.

"திரைக்குள்ள இருக்கிற பொண்ணு பந்து எறிவாளா, டீச்சர்?" என்று கேட்டு, மார்ச்சில் புதுப் பள்ளி ஆண்டு தொடங்கியதும் அவனை நகரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள்.

மூடும் உத்தரவு வரும்வரை டீச்சர் தினமும் பள்ளியைத் திறந்து, தனியாக மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலை இயாரா அழைத்தாள்.

"இன்னிக்கு யாரு ஒளியறது?"

"நான்தான். எண்ணுடி."

மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு, டீச்சர் மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். எண்ணி முடித்த குரல் வெளியே கேட்டது.

"டீச்சர், என்னை யாரு தூக்கிட்டு வருவா?"