ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு வடை

மர்பி டவுனில் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்காவின் கணவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஆறுதல் சொல்ல ஜெபக்குழுவாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். "இவர்களுடைய பாரத்தைச் சுமக்க எங்களுக்குப் பெலன் தாரும் ஆண்டவரே" என்று குழுத் தலைவர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். அக்காவோ சமையலறையில் எங்களுக்காக வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய்க் கரண்டியைக் கேட்டேன்.

"விடும்மா. ஜெபத்துக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புவாங்களா?" என்றார். அதற்குள் உள்ளறையிலிருந்து கணவர் கூப்பிட, கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

வடையை ஒரு கை பார்த்த தலைவர், கிளம்பும்போது அக்காவிடம் சொன்னார்: "அடுத்த வாரமும் இங்கயே வெச்சுக்கலாம் சிஸ்டர். உங்களுக்கும் ஆறுதலா இருக்கும்."

அக்கா தலையாட்டிவிட்டு எங்கள் டீ டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினார்.